கறிவேப்பிலைக்குள்ள ஒரு தரங்கம்பாடி டாக்டர்!

சாப்பிடும்போது ஓரமா ஒதுக்கி வைக்கிறோமே கறிவேப்பிலை, அதோட தாவரவியல் பெயர் தெரியுமா? 'முர்ராயா கோனிகி'. ரெண்டுமே மனுஷங்க பெயர்!

கோனிக் நம்ம பக்கத்து ஊர்க்காரர் மாதிரிதான். சுரக்குடியிலிருந்து காரைக்கால் போய் வடக்கே கொஞ்ச தூரம் போனா தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் கையில் அந்த ஊர் இருந்தபோது, 1768-ல் அங்கே மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவர். இங்கிருந்து செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு 'பெர்கெரா கோனிகி' என்று பெயர் வைத்தார். தலைமுறை தலைமுறையா அதைத் தாளிச்சுக்கிட்டிருந்த நம்ம பாட்டிகள் கணக்கிலேயே வரலை.

அப்போ முர்ரே? அவரும் லின்னேயஸின் மாணவர், ஜெர்மனியில் பேராசிரியர். 1825-ல் ஸ்ப்ரெங்கல் என்பவர் கறிவேப்பிலையை, முர்ரே பெயரில் இருந்த பேரினத்துக்கு மாற்றினார். இப்போ மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு மறுபடி பெர்கெராவுக்கே திருப்பிட்டாங்க. முர்ரே அவுட், கோனிக் நாட் அவுட்! காரணம், பேரினம் மாறினாலும் முதலில் வைத்த இரண்டாவது பெயர் கூடவே போகணும் என்பது தாவரவியல் விதி.

காம்பவுண்டு சுவரில் படர்ற காகிதப்பூ கதை இன்னும் மோசம். 'போகன்வில்லா' என்பது 1766-ல் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கேப்டனின் பெயர். அந்தப் பயணத்தில் ஆண் வேஷத்தில் போய்ச் செடிகளைச் சேகரித்த ழான் பரே என்ற பெண்ணுக்கு? 2012-ல்தான் கத்தரிக்காயின் தூரத்துச் சொந்தமான ஒரு செடிக்கு அவர் பெயர் கிடைத்தது.