பிளாட்பாரத்துக் கதையும் ஒன்பது பக்க ஒப்பந்தமும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சென்னை சவுகார்பேட்டையில் சரக்கு ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தையெல்லாம் சேர்த்து, கோடு போட்ட மூன்று நோட்டுகளில் ஒரு நாவலை எழுதி முடித்திருந்தார். வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் கதை. அவரும் அங்கே வளர்ந்தவர்தான். நான் மெய்ப்பு பார்க்கிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடுங்கண்ணே. புக்கு போட ஆள் புடிச்சிட்டேன். முன்பணமும் கட்டிட்டேன்" என்றார்.

ஒப்பந்தம் வாட்ஸப்பில் வந்திருந்தது. ஒன்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். மறுநாள் கையெழுத்து. தொகை எழுதியிருந்த கடைசிப் பக்கத்தை மட்டும்தான் அவர் பார்த்திருந்தார். நான்காம் பக்கத்தில், நாவலின் எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும் எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை நிறுவனத்துக்கே என்று இருந்தது. அச்சுச் செலவுக்குப் பணம் கட்டுகிறவர் இவர். மொழிபெயர்ப்பு, ஆடியோ, நாளைக்கே ஒரு இயக்குநர் கதவைத் தட்டினால் சினிமா, எல்லாம் போய்ச் சேருவது அவர்களிடம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முதல் நாவல் எழுதுகிற பலருக்கு இந்த ஒரு விஷயம் தெரியவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக எழுதியது எழுதியவருக்கே உரியது. நோட்டில் எழுதி முடித்தபோதே அந்த உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை; 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொண்டால் பின்னால் வழக்கு வரும்போது சான்றாக உதவும். எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். அதாவது பேரப்பிள்ளை வரைக்கும். ஒரு கையெழுத்தில் கைமாறிப்போவது அத்தனையும்தான்.

உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. வாய்ப்பேச்சு செல்லாது. எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் குறிப்பிடப்பட வேண்டும். காலம் எழுதப்படவில்லை என்றால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். இடம் எழுதப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். சட்டம் எழுத்தாளர் பக்கம் இவ்வளவு சாய்ந்து நிற்கிறது. ஆனால் "உலகம் முழுவதும், காலம் முழுவதும்" என்று அச்சிட்டுக் கொடுத்த தாளில் நாமே கையெழுத்திட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு கைக்கு எட்டாது. காசு கொடுத்து அச்சிடுகிறவர் உரிமையை மாற்றித் தரவே தேவையில்லை. இந்தப் பதிப்பை மட்டும், இத்தனை ஆண்டுக்கு, அச்சிட்டு விற்க அனுமதி என்று எழுதினால் போதும்.

அடுத்து ராயல்டி. "நூறு சதவீத ராயல்டி" என்று விளம்பரம் செய்கிறார்கள். எதில் நூறு என்று கேளுங்கள். விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கழிவு 40 சதவீதம் என்றால் 120 போய்விட்டது. அச்சுக்கூலி 110. மிச்சம் 70 ரூபாய். அந்த 70இல்தான் நூறு சதவீதம். இது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, கணக்கு அப்படி. ஆனால் கழிவு எவ்வளவு, அச்சுக்கூலி எவ்வளவு, விற்பனைக் கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பது எழுத்தில் இல்லாவிட்டால், அந்த 70 எப்போது 20 ஆனது என்று நமக்குத் தெரியவே தெரியாது. லே-அவுட் கோப்பும் அட்டைக் கோப்பும் பணம் கட்டியவரிடம் ஒப்படைக்கப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் மறுபதிப்புக்கு மீண்டும் முதலிலிருந்து செலவழிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஐ.எஸ்.பி.என் எண்ணுக்குத் தனியாகக் காசு கேட்டிருந்தார்கள். இந்தியாவில் அந்த எண் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதை வழங்குகிறது. எழுத்தாளரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

இனி, பணத்தைவிடக் கனமான விஷயம். தெருவைப் பற்றி எழுதுகிறவர் உயிரோடு இருக்கிற மனிதர்களை எழுதுகிறார். முதல் பக்கத்தில் "இதில் வரும் பெயர்கள் யாவும் கற்பனையே" என்று போட்டுவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறோம். பெயரை மாற்றிவிட்டு ஊர், தொழில், முகத் தழும்பு, மூன்றாவது கல்யாணம் எல்லாவற்றையும் அப்படியே வைத்தால், அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுவிடுவார்கள். அப்போது அந்த ஒரு வரி காப்பாற்றாது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின் கீழ் அவதூறுக்கு இரண்டாண்டு வரை தண்டனை உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் 72ஆம் பிரிவு பாயும். தெருவில் வாழும் பிள்ளைகளைச் சிறார் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிறவர்களாகவே பார்க்கிறது. விசாரணை, வழக்கு என்று வந்த பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அதன் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைபாதையில் தூங்கும் குழந்தையின் புகைப்படத்தை அட்டையில் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள்.

உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி எழுதுவது குறித்து, சென்னையிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் கோடு கிழித்தது. அவதூறு வரும் என்று சொல்லி அரசு முன்கூட்டியே ஒரு வெளியீட்டைத் தடுக்க முடியாது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம், அந்தரங்கம் ஆகியவற்றை அவர் சம்மதமில்லாமல் எழுதினால் நஷ்டஈடு கேட்க அவருக்கு உரிமை உண்டு.

தம்பியிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. அவர் நாவலில் ஒரு இட்லிக்கார அக்கா வருகிறார். அந்த அக்கா இப்போதும் அதே இடத்தில் கடை போடுகிறார். "போய்ப் படித்துக் காட்டுங்கள்" என்றேன். ஒரு ராத்திரி கடை கட்டிய பிறகு, தெருவிளக்கடியில் உட்கார்ந்து பதினெட்டுப் பக்கம் படித்திருக்கிறார். தான் அடிவாங்கிய காட்சியைக் கேட்டு அந்த அக்கா அழுதாராம், எடுக்கச் சொல்லவில்லை. "எம் பொண்ணு எந்த ஊர்ல வாக்கப்பட்டுருக்கான்னு எழுதிருக்க பாரு, அதை மட்டும் எடுத்துடுப்பா. அங்க யாருக்கும் நான் பிளாட்பாரத்துல கெடந்தது தெரியாது" என்றாராம். எந்த வக்கீலும் கண்டுபிடித்திருக்க முடியாத இடம் அது.

யாரையும் அடையாளம் காட்டாமல் எழுதியும் எதிர்ப்பு வரலாம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த மாதம் அதிகாரிகள் அவரை உட்காரவைத்துப் பேசி ஓர் உடன்பாட்டை எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. ஆகவே மிரட்டல் வந்தால் தனியாகப் போய் "சமாதானம்" பேசாதீர்கள், எதிலும் கையெழுத்திடாதீர்கள். எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

புத்தகம் வந்த வாரமே அதன் பி.டி.எஃப் டெலிகிராமில் சுற்றுவதும் நடக்கிறது. 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி, உரிமையாளர் உரிய விவரங்களோடு எழுத்தில் புகார் கொடுத்தால், அந்தத் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை விலக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்கிக் காட்டாவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். தெரிந்தே திருடுவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. கதைக்கருவுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நடைபாதைப் பிள்ளைகளைப் பற்றி வேறொருவரும் எழுதலாம். உங்கள் வாக்கியங்களையும் காட்சி அமைப்பையும் எடுக்கக் கூடாது.

பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தராதவர்கள் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டாண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. "இவர் வியாபாரத்துக்காகப் புத்தகம் போட்டவர், நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்வது அந்த விலக்கில் வராது என்பதைச் சட்டமே சொல்கிறது. அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

நம் தம்பி கையெழுத்திடவில்லை. நான்காம் பக்கத்தை மாற்ற அவர்கள் ஒப்பவில்லை. பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிய பிறகு முன்பணத்தில் பாதி திரும்பி வந்தது. மீதிக்குப் புகார் நிற்கிறது. தன் பெயரிலேயே ஐ.எஸ்.பி.என் வாங்கி, தெரிந்த அச்சகத்தில் 200 பிரதி போட்டார். வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதிப்பாளர் இப்போது அவர்தானே. கொல்கத்தா, மும்பை, டெல்லிக்குத் தபாலில் போட்டார். சென்னையின் கன்னிமாரா நூலகத்துக்கு உரியதை மட்டும், எழும்பூரில் சரக்கு இறக்கிவிட்டு, ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.