அறிதுயிலும் உரிமமும்: சட்டம் காப்பது செயலையா, சொல்லையா?

'ஹிப்னாடிசம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று மனோவசியம், மற்றொன்று அறிதுயில். வசியம் என்பது மாந்திரிக நூல்கள் கூறும் எட்டுக் கருமங்களுள் ஒன்று. ஒருவரை மற்றொருவர் தம் வயப்படுத்துதல் என்னும் பொருள் அதனுள் உறைந்துள்ளது. அறிதுயிலோ பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் உறக்கத்தைக் குறித்த பழஞ்சொல். உறங்குவோன் அறிந்தே உறங்குகிறான். மான்செஸ்டர் நகரில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பிரெய்டு, 1843இல் வெளியிட்ட நூலில் உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியிலிருந்து இக்கலைக்குப் பெயரமைத்தார். இது உறக்கமே அன்று என உணர்ந்து, பின்னர் அப்பெயரை மாற்றவும் முயன்றார். அவருக்குத் தமிழ் தெரிந்திருப்பின் அத்தொல்லை நேர்ந்திராது.

பெயராராய்ச்சி இங்கு எதற்கு என அவையோர் வினவலாம். உளவியல் உரிமம் பெறாத ஒருவர் அறிதுயில் சிகிச்சையைத் தொழிலாக நடத்தலாமா என்னும் வினாவுக்குப் பல நாட்டுச் சட்டங்களும் பெயர்களை வைத்தே விடை கூறுகின்றன. தஞ்சோங் பகார் என்னும் மலாய்ப் பெயரில் 'பகார்' என்பது வேலி. சட்டமும் ஒரு வேலியே. அவ்வேலி எங்கே ஓடுகிறது என்பதை இனிக் காண்போம்.

சிங்கப்பூரில் அறிதுயில் சிகிச்சையாளருக்கெனத் தனிச் சட்டமோ அரசுப் பதிவேடோ இல்லை. உளவியலாளர் பதிவும் நெடுங்காலம் தன்விருப்பத்தின் பாற்பட்டதாகவே இருந்து வந்தது. சிங்கப்பூர் உளவியல் சங்கம் ஒரு பதிவேட்டைப் பேணுகிறது. அவர்களையும் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரும் முடிவைச் சுகாதார அமைச்சு அண்மையில் அறிவித்தது. 2011ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் முதலில் தழுவியவர்கள் இயன்மருத்துவர், செயல்முறைச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர். மொழியியல் பயின்ற எமக்கு இதில் ஒரு வியப்பு. பேச்சைத் திருத்துவோர் பதிவு செய்தாக வேண்டும். பேச்சையே கருவியாகக் கொண்டு ஒருவரின் மனத்துள் நுழைவோருக்கு அக்கட்டாயம் இல்லை.

ஆயினும் வேலியே இல்லை எனக் கருதுதல் பிழை. மருத்துவப் பதிவுச் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர் மருத்துவத் தொழில் புரிவதும், தகுதி பெற்ற மருத்துவர் போலத் தம்மைக் காட்டிக்கொள்வதும் குற்றம். அறிதுயிலில் ஆழ்த்துவது தன்னளவில் குற்றமாகாமல் இருக்கலாம். 'உமக்கு மனச்சோர்வு நோய், மாத்திரையை நிறுத்துக, நான் குணப்படுத்துகிறேன்' என ஒருவர் கூறத் தொடங்கும்போது அவர் வேலியோரம் வந்துவிடுகிறார். பொய்யான பலனைக் கூறிப் பணம் பெற்றால், 2003ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக)ச் சட்டமும் குறுக்கிடும்.

ஆங்கிலத்தின் 'டாக்டர்' என்னும் ஒற்றைச் சொல் இங்கே பெருங்குழப்பம் விளைப்பது. தமிழ் முனைவர் என்றும் மருத்துவர் என்றும் பிரித்துரைக்கிறது. யாமும் முனைவரே, எம்மிடம் நாடி பார்க்கச் சொல்லி எவரும் கை நீட்டியதில்லை. ஆனால் அறிதுயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் 'டாக்டர்' என்றிருந்தால், அது எத்துறைப் பட்டம் என்று வாயிலில் நின்று கேட்பவர் எத்தனை பேர்?

இந்திய நடுவணரசு இச்சிக்கலை நேரடியாகவே எதிர்கொண்டது. தில்லி உயர்நீதிமன்றம் 1998இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து வல்லுநர் குழு ஒன்று மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைப்படி 2003 நவம்பர் 25 அன்று அரசாணை வெளியாயிற்று. ஆயுர்வேதம், சித்தம், யுனானி, ஓமியோபதி, யோகமும் இயற்கை மருத்துவமும் ஆகியன மருத்துவ முறைகளாக ஏற்கப்பட்டவை. அறிதுயிலும் அக்குபங்சரும் அவ்வரிசையில் இடம்பெறவில்லை; அவை சிகிச்சை வழிகள் என்ற அளவில், பதிவு பெற்ற மருத்துவர் அல்லது தக்க பயிற்சி பெற்றோர் கையாளலாம் என அனுமதிக்கப்பட்டன. அங்கீகாரம் பெறாத முறைகளில் பட்டமோ பட்டயமோ வழங்கலாகாது. அங்கீகரிக்கப்பட்ட முறையினர் மட்டுமே 'டாக்டர்' என்னும் சொல்லை ஆளலாம் என்றும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

இவ்வாணையில் 'அல்லது' என்னும் இடைச்சொல்லே உயிர்நிலை. அதன் இடத்தில் 'ஆகிய' என்றோ 'உம்' என்றோ இருந்தால் மருத்துவரல்லாதார் எவரும் இத்தொழிலில் நுழைந்திருக்க இயலாது. ஆனால் 'தக்க பயிற்சி' என்பதற்கு ஆணை வரையறை தரவில்லை. வார இறுதிச் சான்றிதழ் வகுப்புகளுக்கு இடம் தருவது இவ்வெற்றிடமே என்பது எம் கணிப்பு. இதற்கு நேர்மாறாக, 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் மருத்துவ உளவியலாளர் என்னும் பெயருக்கு உறுதியான வரம்பிட்டது. பதிவின்றித் தொழில் புரிவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அது வழி செய்கிறது. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் 'அறிதுயில் பயிற்சியாளர்' என எழுதிக்கொள்வதற்கும் 'மருத்துவ உளவியலாளர்' என எழுதிக்கொள்வதற்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரிது.

பிற நாடுகளில் பிரிட்டனின் 1952ஆம் ஆண்டுச் சட்டம் மேடைக் காட்சிகளையே கட்டுப்படுத்துகிறது. நோய் தீர்க்கும் பயன்பாட்டை வெளிப்படையாக விலக்கி விடுகிறது. கேளிக்கைக்கு அனுமதி வேண்டும், சிகிச்சைக்கு வேண்டா என்னும் விந்தை நிலை இது. இஸ்ரேல் 1984இல் இயற்றிய சட்டமோ, உரிமம் பெற்ற மருத்துவர், பல் மருத்துவர், உளவியலாளர் ஆகியோருக்கே இக்கலையை ஒதுக்கியது. எமக்கு இந்நெறியே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. தேர்வச்சத்துக்கோ புகைப்பழக்கத்துக்கோ துணை நாடுவோருக்கு இது மிகையாகலாம். ஆழ்ந்த மனநோய் உடையவர், அதனைத் தாமே அறியாமல், அதே நாற்காலியில்தான் வந்து அமர்கிறார்.

எஞ்சுவது இசைவு. 2024 வரை நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அதன் வழிவந்த சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்திலும் 90ஆம் பிரிவு இதனைப் பற்றியது. அச்சத்தாலோ தவறான புரிதலாலோ தரப்பட்டதும், தாம் இசைவது எதற்கென உணர இயலாத மனநிலையில் தரப்பட்டதும் இசைவாகாது. எனவே இசைவைக் கண் மூடுமுன் பெறவேண்டும். அதுவும் அவர் அறிந்த மொழியில். சிராங்கூன் சாலைக் கடைகளில் தமிழிலேயே பேரம் பேசிப் பழகிய ஒரு மூதாட்டி, ஆங்கிலப் படிவத்தில் மகன் காட்டிய இடத்தில் ஒப்பமிட நேரலாம். அப்படிவத்தின் தமிழாக்கம் வேண்டும் எனக் கேட்கலாம். சிகிச்சையாளர் எந்தப் பதிவேட்டில் உள்ளார், அது சட்டத்தால் அமைந்ததா, சங்கம் வைத்திருப்பதா எனவும் கேட்கலாம். மருந்து உட்கொள்வோராயின், அம்மருந்தை எழுதிய மருத்துவருக்குச் செய்தி சென்றதா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்க.