கணினிக்கும் மூச்சு முட்டும்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மறுநாளே கடைசி நாள். வருமானச் சான்றிதழுக்காக எடப்பாடியில் ஓர் அலுவலகத்தின் வாசலில் நாங்கள் நால்வரும் காலை முதல் காத்திருந்தோம். "சர்வர் நின்றுவிட்டது, நினைவகம் போதவில்லையாம். நாளைக்கு வாங்கம்மா" என்ற பதிலே கிடைத்தது. எந்திரத்துக்குமா நினைவுப் பஞ்சம் என்று வியந்தோம். எங்கள் கணினி ஆசிரியையிடம் கேட்டறிந்ததைத் தோழியருக்கு இங்கே சொல்கிறோம்.

சர்வர் என்பது பலருடைய வேலைகளை ஒரே நேரத்தில் செய்துதரும் கணினி. அதில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று வட்டு, அது பீரோவைப் போன்றது. நிறையக் கொள்ளும், ஆனால் எடுக்க நேரமாகும். மற்றொன்று ராம் எனப்படும் நினைவகம். அது எழுதும் மேசை. சிறியது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. ஒவ்வொரு வேலையும் மேசையில் கொஞ்சம் இடம் கேட்கும். மேசை நிரம்பினால் கணினி சில தாள்களைப் பீரோவில் வைத்து, வேண்டும்போது மீண்டும் எடுக்கும். கூட்டம் மிகுந்தால் எடுப்பதும் வைப்பதுமே வேலையாகிவிடும். முடிவில் இடமில்லை என்று கைவிரித்துவிடும்.

அப்போது என்ன செய்வது? நிறுத்தி மீண்டும் இயக்கினால் மேசை காலியாகும், நோய் தீராது. எந்த நிரல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். ஒரு நிரலின் பங்கு மட்டும் மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறதா? இரவல் பாத்திரத்தைத் திருப்பித் தராதவர்போல், அது வாங்கிய இடத்தை விடுவதில்லை என்று சந்தேகிக்கலாம். அதைத் திருத்த வேண்டும். அவசரமில்லாத வேலைகளை இரவுக்குத் தள்ள வேண்டும். அப்படியும் போதாவிட்டால்தான் புதிய நினைவகம் வாங்க வேண்டும்.

இத்தகைய நெருக்கடி நிலவின் அருகிலும் நேர்ந்தது. 1969 ஜூலை 20 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, 'ஈகிள்' கலத்தின் கணினி '1202' என்று எச்சரித்தது. அப்போது தேவைப்படாத ஒரு ராடாரின் சைகைகள் கணினியின் நேரத்தைத் தின்றன. வேலைகள் முடியாமல் தேங்கின. புதிய வேலைக்கு நினைவகத்தில் இடமில்லை. ஆயினும் எது முக்கியம் என்று அந்த நிரலுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கணினி தன்னைத்தானே மீண்டும் தொடக்கி, சில்லறை வேலைகளை விட்டு, கலத்தை இறக்கும் வேலையைத் தொடர்ந்தது. ஈகிள் பத்திரமாக இறங்கியது. அந்த மென்பொருளை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர்களுள் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணியும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை!

எங்கள் சர்வரின் கதையும் ஏறக்குறைய அதுவே. இரவில் ஓட வேண்டிய ஓர் அறிக்கை வேலை பகலில் ஓடிக்கொண்டிருந்ததாம். அதை நிறுத்தினார்கள். மறுநாள் பதினொரு மணிக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. மாலைக்குள் விண்ணப்பித்துவிட்டுத்தான் மூச்சு விட்டோம்.

பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கும்போது, படகு நிறைந்துவிட்டால் மற்றவர்கள் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும். எதை இப்போது ஏற்றுவது, எதைப் பிறகு ஏற்றுவது என்ற அந்த அறிவுதான் கணினிக்கும் வேண்டும். பொதுத் தேர்வை எதிர்நோக்கும் நமக்கும் அது வேண்டும் அல்லவா?