தலைக்கு ஆறு வருஷம், புருவத்துக்கு ரெண்டு மாசம்

ஆடித்தபசு நெருங்கிவிட்டால் சங்கரன்கோவிலில் மொட்டைத் தலைகள் பெருகிவிடும். கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து முடி இறக்குவார்கள். தலையில் தண்ணீர் விட்டு, விரலால் அழுத்தித் தேய்த்து ஊறவைத்த பிறகு, உச்சியிலிருந்து நெற்றியை நோக்கிக் கத்தி இறங்கும். நீளக் கூந்தல் என்றால் முதலில் ரெண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். அப்போதுதான் காணிக்கை முடி சிதறாமல் சேரும். ஆண்களிடம் மட்டும் ஒரு கேள்வி: “மீசை, தாடியும் சேர்த்தா?” கடைசியில் சந்தனம்.

இத்தனையிலும் கத்தி தொடாத இடம் புருவம். பார்லர் பக்கமே போகாத ஒருவர் ஆயுசு முழுக்க அதில் கை வைப்பதில்லை. ஆனாலும் புருவம் வளர்ந்து கண்ணை மறைப்பதில்லை. தலைமுடியை மட்டும் விட்டால் இடுப்பு வரை போகிறது. ரெண்டும் ஒரே கெரட்டின் புரதம், ஒரே ரத்தத்தில் ஊட்டம். அப்புறம் ஏன் இந்த ஓரவஞ்சனை?

முடிக்குத் தன் நீளம் தெரியாது. அதற்கு இருப்பது நாள் கணக்குதான். ஒவ்வொரு முடியும் வேர்ப்பையில் சில காலம் வளரும். பிறகு ரெண்டு, மூன்று வாரத்தில் வேர் சுருங்கும். அப்புறம் ஓய்வு, ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து, அதே பையில் புதிது முளைக்கும். கீரையை இருபத்தைந்து நாளில் பறிக்கிறோம், வாழைக்கு ஒரு வருஷம் காத்திருக்கிறோம். அதுபோல உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கெடு. தலைமுடிக்கு அது 2 முதல் 6 வருஷம். மாதம் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர், வருஷத்துக்கு 15 என்று வைத்தால், 30 முதல் 90 சென்டிமீட்டர் வரை கணக்கு வருகிறது. கை முடிக்கு ரெண்டு, மூன்று மாதம். புருவத்துக்கு ஒன்று, ரெண்டு மாதம்தான். வேகமும் தலைமுடியில் பாதி. ஒரு சென்டிமீட்டர் எட்டுவதற்குள் அதன் காலம் முடிந்துவிடும்.

இந்தக் கெடு தோலில் இல்லை, வேர்ப்பையிலேயே இருக்கிறது. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-ல் இதை எழுதினார். பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து வழுக்கை விழுந்த முன்தலையில் நட்டால், அது முன்தலை முடியைப் போல உதிராமல் பின்னந்தலை முடியாகவே வளர்கிறது. இன்றைய முடி மாற்று சிகிச்சை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. தீக்காயத்தில் புருவத்தை இழந்தவருக்குத் தலைமுடியை எடுத்து நடுவதுண்டு. அவர் அதை அடிக்கடி கத்தரித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வளர்ந்துகொண்டே போகும். இடம் மாறியும் குணம் மாறவில்லை பாருங்கள்.

வளர்ந்தது போதும் என்று வேருக்குச் சொல்லும் புரதங்களில் ஒன்று எஃப்.ஜி.எஃப்.5. இதன் மரபணுவைச் செயலிழக்கச் செய்த எலிகளுக்கு முடி நீளமாக வளர்ந்ததை 1994-ல் கண்டார்கள். பக்கத்து ராஜபாளையத்து நாய்க்கு உடம்போடு ஒட்டிய முடி. கோல்டன் ரெட்ரீவருக்குத் தொங்கும் முடி. கோல்டன் ரெட்ரீவரின் நீள முடிக்குக் காரணம் இதே மரபணுவின் மாற்றம். மனிதர்களில் இது பழுதான சில குடும்பங்களில் கண் இமை முடி அளவுக்கு மீறி நீண்டிருந்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

ஹார்மோன் இன்னொரு பக்கம் விளையாடுகிறது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஏறியதும் பையனின் கன்னத்துப் பூனை முடி தாடியாகிறது. அதே ஹார்மோன், வழுக்கை வாகு உள்ளவர் உச்சந்தலையில் வேரைச் சுருக்கி முடியைப் பூனை முடியாக்குகிறது. முறுக்கு மீசையும் பளபளக்கும் மண்டையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதில் முரண்பாடே இல்லை.

கருவுற்ற காலத்தில் தலைமுடியின் கெடு தள்ளிப்போகிறது. அதனால்தான் கூந்தல் அடர்த்தியாகத் தெரியும். பிரசவம் ஆனதும் தள்ளிப்போன முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்துக் கொத்தாக விழும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வதில் காலக்கணக்கு சரி. பாவம், பிள்ளையின் சிரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில மாதங்களில் தானே திரும்பிவிடும்.

கெடுவை மீறியவர்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்து ஸ்மிதா ஸ்ரீவாஸ்தவாவின் கூந்தல் 7 அடி 9 அங்குலம் என்று 2023-ல் கின்னஸ் அறிவித்தது. நம் கணக்கில் ஒரு முடி சுமார் 16 வருஷம் உதிராமல் நின்றிருக்க வேண்டும். அது பிறவி வாகு. திருவாவடுதுறை ஆதீனத்துப் பண்டார சந்நிதி ஒருவருக்கு 26 அடி முடி இருந்ததாக 1949-ல் வந்த செய்தியையும் கின்னஸ் பழைய பதிப்புகளில் குறித்திருக்கிறது. 26 அடிக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் வேண்டும். ஒற்றை முடிக்கு அந்த ஆயுள் கிடையாது. ஆனால் சடையில் உதிர்ந்த முடி கீழே விழுவதில்லை, புது முடியோடு பின்னிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். சடை நீள்வது அப்படித்தான். சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருமேனியில் சிவன் பாதிக்குச் சடைமுடி, திருமால் பாதிக்குக் கிரீடம் என்பது நினைவுக்கு வருகிறது.

தலைக்கு மட்டும் ஏன் இத்தனை நீளம்? வெயில்தான் காரணம் என்கிறது ஒரு கட்சி. டினா லசிசி, நினா ஜப்லான்ஸ்கி குழு 2023-ல் பொம்மைத் தலைக்கு விதவிதமான விக் மாட்டிச் சோதித்ததில், முடி எதுவானாலும் தலைக்கு ஏறும் வெயில் சூட்டைக் குறைத்தது. சுருட்டை முடி மிக அதிகமாகக் குறைத்தது. சரி, நிழலுக்கு இடுப்பு வரை எதற்கு? அழகு பார்த்துத் துணை தேடியதன் விளைவு என்பார்கள் சிலர். எனக்கு ரெண்டுமே முழுத் திருப்தி தரவில்லை.

இத்தனைக்கும் பிறகும், மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று பச்சைப் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கத்திக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சவரத்தால் முடியின் தடிமனோ வேகமோ மாறாது என்று மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே அளந்து காட்டிவிட்டார். கத்தி வேரைத் தொடுவதில்லை. மழுங்க வெட்டிய நுனி கையில் குத்துவதால் தடித்ததுபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். நேர்த்திக்கடன் என்றால் தாராளமாக இறக்குங்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடி இறக்கக் கட்டணம் இல்லை. உட்காரும் முன் புது பிளேடு மாட்டச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னாலேயே.