சாம்பலை இழுத்த கல்

மாடிப்படியில் கால் வைத்ததுமே விளக்கு தானாக எரிகிறதே, அந்த மாயம் என்னவென்று யோசித்ததுண்டா, சகோதரிகளே?

உங்கள் உடம்புச் சூடுதான்! சூடு ஒரு துளி ஏறி இறங்கினாலும் மின்சாரம் காட்டும் பீங்கான் வில்லை ஒன்று அதற்குள் இருக்கிறது.

இந்த விந்தையை ஐரோப்பாவுக்குக் காட்டியது இலங்கைக் கல். 1700-களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் கொண்டுபோன டூர்மலின் கல், சூடேறியதும் சாம்பலை இழுத்தது. 'சாம்பல் இழுப்பான்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அது மின்சாரத்தின் வேலை என்று 1756-இல் ஏபினஸ் கண்டு சொன்னார்.

ஆனால், கோவில்பட்டிக் கரிசலில் சித்திரை மாதத்து அந்தியில் இந்த வில்லை திணறிவிடும். சுவரும் தரையும் உடம்பளவு சூட்டோடு கிடக்கும்போது, ஆள் எது, சுவர் எது? ஆகவே இன்னும் நுட்பமான வில்லை தேவை.

அதற்கு ஒரு வழி, இட்லிபோல் நுண்துளை விடுவது! துளையுள்ள பீங்கான் சீக்கிரம் சூடேறும். அதே சூட்டுக்கு அதிக வோல்ட் காட்டும். துளை மிஞ்சினாலோ உதிர்ந்துபோகும்! பீங்கான் தூளைப் பிளாஸ்டிக்கில் கலந்து, வளையும் தகடாக்குவது மற்றொரு வழி.

வயதானவர்கள் உள்ள வீடா? படியருகே சாதாரண சுவிட்சு ஒன்றும் இருக்கட்டும்!