502, 504: பிழை எண்கள் உணர்த்துவது யாது?

புதிதாக நிறுவப்பெற்ற இணையச் செயலி இயங்காதபோது திரையில் 502 அல்லது 504 என்னும் எண் தோன்றுவதுண்டு. இவ்விரண்டின் பொருளும் வெவ்வேறாகும்.

சேவையகத்தில் பெரும்பாலும் இரு நிரல்கள் இயங்குகின்றன. 'என்ஜின்எக்ஸ்' போன்ற வாயில் நிரல் நம் வேண்டுகோளைப் பெற்றுச் செயலியிடம் சேர்ப்பிக்கிறது. செயலியின் விடையை நமக்குத் திருப்பியளிக்கிறது. இவ்வெண்களை நமக்கு அறிவிப்பது வாயில் நிரலேயாம். எனவே, குறை பெரும்பாலும் அதற்கு அப்பாலோ, அதற்கும் செயலிக்கும் இடையிலான இணைப்பிலோ உள்ளது.

502 எனில், செயலியிடமிருந்து முறையான விடை கிட்டவில்லை. செயலி நின்றுபோயிருக்கலாம், அல்லது அது ஒரு போர்ட் எண்ணில் காத்திருக்க, வாயில் நிரல் வேறோர் எண்ணை நாடியிருக்கலாம். 504 எனில், உரிய காலத்துள் விடை வரவில்லை. என்ஜின்எக்ஸில் இக்கால வரம்பு, மாற்றியமைக்கப்படாவிடில், 60 விநாடியாகும்.

504 தோன்றிய பின்னரும் செயலி தன் வேலையை முடித்திருக்கக்கூடும். மாணவர் பெயரைப் பதியும் ஆசிரியர் உடனே மறுமுறை அனுப்பின், அப்பெயர் இருமுறை பதிவாகலாம். ஆகவே, முதலில் பட்டியலைச் சரிபார்த்தல் வேண்டும்.

பராமரிப்போர் செயலியை மீண்டும் இயக்குமுன் பிழைப் பதிவேட்டைப் படித்தல் இன்றியமையாதது. பயன்படுத்துவோர் எண்ணையும் நேரத்தையும் குறித்தனுப்பின், பதிவேட்டில் உரிய வரியை எளிதிற் கண்டறியலாம்.