மிதக்கும் குழாயும் பால்வெட்டுக் கூலியும்



அரிசி களையும்போது உமி மேலே வருகிறது. அரிசி அடியில் தங்குகிறது. இதைக் காணாத வீடு இல்லை. நீருக்குள் அமிழும் பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரை விலக்குகிறது. விலகிய நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையுடன் நீர் அதை மேலே தள்ளுகிறது. பொருளின் எடை அந்த விசையைவிட மிகுந்தால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்டுரைத்த தத்துவம் இது.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இன்று செம்பனை நிற்கும் பல இடங்களில் முன்பு ரப்பர் மரங்கள் நின்றன. அங்கே பால் வெட்டியவர்களின் வருமானத்தோடு இந்தத் தத்துவத்திற்கு நேரடித் தொடர்பு உண்டு. ரப்பர்ப் பாலில் மூன்றில் ஒரு பங்களவே ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். ஆகவே வாளியை மட்டும் அளந்து கூலி போட முடியாது. கொட்டகையில் கிராணி மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவார். அடியில் கனத்த குமிழ், மேலே எண்கள் குறித்த மெல்லிய தண்டு. ரப்பர் நீரைவிட இலேசானது. எனவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக இறங்கும், எண் கூடும். நீர் மிகுந்தால் மேலே எழும், எண் குறையும்.

மாட்டுப்பாலைச் சோதிக்கும் பால்மானி இதற்கு நேர்மாறு. மாட்டுப்பால் நீரைவிடக் கனமானது. அதில் தண்ணீர் கலந்தால் பால்மானி கீழே இறங்கும். மாடு வளர்க்கும் வீடுகளில் பிள்ளைகளை இதைக் கேட்டுப் பாருங்கள், பலர் தடுமாறுவார்கள்.

மங்கில் மழைநீர் விழுந்தால் கூலி போய்விடுமா? லிட்டருக்கு 350 கிராம் ரப்பர் உள்ள பால் பத்து லிட்டர் என்றால், ரப்பர் மூன்றரைக் கிலோ. அதில் இரண்டு லிட்டர் மழைநீர் சேர்ந்தால் பன்னிரண்டு லிட்டராகும். எண் சுமார் 290க்கு இறங்கும். பெருக்கிப் பாருங்கள், அதே மூன்றரைக் கிலோதான். வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றுபவருக்கும் இதே கணக்குதான்!

ஆனால் கருவியைப் பார்ப்பவர் கவனம் தவறினால் நட்டம் உண்டு. பால் கெட்டியானதால் வழக்கமாக ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, வரும் எண்ணை மூன்றால் பெருக்குவார்கள். நீர் சற்றே கூடிப்போனாலும் பிழை மும்மடங்காகி, வெட்டியவரின் கணக்கில் குறையும். குமிழில் காற்றுக் கொப்புளங்கள் ஒட்டினால் அவை கருவியைத் தூக்கிவிடும்; அப்போதும் எண் குறைவாகவே தெரியும். ஆகையால் நுரையை நீக்கி, கருவியைக் கழுவி, மெதுவாக விட வேண்டும். ஐயம் வந்தால், சிறிதளவு பாலை அமிலமிட்டு உறையவைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

செம்பனைக்கும் இங்கே பழைய உறவு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோனியே செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக முதலில் நடப்பட்ட செம்பனை அதுவே. பழத்தைப் பிழிந்த பின் எண்ணெய் நீரின் மேல் மிதந்து பிரிவதை ஆலையில் வேலை செய்பவர்கள் அறிவார்கள். கொட்டையை உடைத்தபின் பருப்பையும் ஓட்டையும் பிரிப்பதுதான் சிக்கல். இரண்டுமே தண்ணீரில் மூழ்கும். இதற்காகப் பல ஆலைகளில் களிமண்ணைக் கரைத்து நீரைக் கனமாக்குகிறார்கள். உப்புக் கரைத்த நீரில் முட்டை மிதப்பது போலத்தான். ஒரே பருமனுள்ள நீரைவிடப் பருப்பு சுமார் 1.07 மடங்கு கனம், கரைசலை 1.12 அளவில் வைத்தால் பருப்பு மிதக்கும், அதைவிடக் கனமான ஓடு மூழ்கும். மண் அடியில் படிந்து கரைசல் நீர்த்தால் பருப்பும் ஓட்டோடு போய்விடும். மிகக் கெட்டியானால் ஓடும் மேலே வரும். அதனால் அங்கேயும் ஒரு மிதவைக் கருவியை விட்டு அடிக்கடி பார்க்கிறார்கள். பருப்பு எண்ணெய்க்குப் போகிறது. அடியில் தங்கிய ஓடு கொதிகலனுக்கு விறகாகிறது.